வாயில்லாப் பாட்டு

பாட்டுக் கேட்கிறவர்களில் இரண்டு வகை உண்டு. கூடவே பாடுகிறவர்கள் ஒரு வகை, வாயை மூடிக்கொண்டு கேட்கிறவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டாவது வகை. என் தங்கையின் கணவர் முதல் வகை. ஒரே வீட்டில் இரண்டு வகையும் இருந்தால் சின்னச் சின்ன உரசல்கள் வரத்தான் செய்யும். அது எல்லா வீட்டிலும் உள்ளதுதான், ஐயா.

உங்கள் மேசையில் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிற அந்த எம்பி3 பிளேயர் நான் வாங்கியது. அதைத் திருப்பிக் கொடுக்கத்தான் இன்று என்னை வரச் சொல்லியிருக்கிறீர்கள். விசாரணை முடிந்துவிட்டது, இறந்தவரின் கவனக்குறைவு என்று முடிவாகிவிட்டது, பொருளை வீட்டாரிடம் ஒப்படைப்பது மட்டும்தான் பாக்கி என்று உங்கள் உதவியாளர் சொன்னார். கொடுப்பதற்கு முன்னால் நான் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள். அதிக நேரம் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

நல்ல பொருள் அது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது, முதுகில் ஒரு கிளிப், சட்டைக் காலரில் மாட்டிக்கொண்டால் இருப்பதே தெரியாது. போன் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் தொழிற்சாலையில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். தவிர, போனில் பாட்டுக் கேட்டால் நடுவில் யாராவது கூப்பிட்டுத் தொலைப்பார்கள். இதில் யாராலும் கூப்பிட முடியாது. எனக்கு அதுதான் பிடித்தது. பேருந்தில் கேட்பேன், துணி மடிக்கும்போது கேட்பேன், கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு கேட்பேன். காதுக்குள் அழுத்திச் செருகுகிற ரப்பர் நுனி வைத்த இயர்போன். செருகிவிட்டால் அறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்ட மாதிரி இருக்கும். ஒரு நாள் தங்கை சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, வந்து தோளில் ஒரு அடி வைத்தாள்.

"அண்ணா, வீடு இடிஞ்சு தலையில விழுந்தாக்கூட உனக்குக் கேக்காது போல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன். ஆனால் அந்த வார்த்தை என் மனசின் ஒரு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டது. எதற்காக என்று அப்போது எனக்கே தெரியாது. இப்படித்தான் நான் இதுவரை எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன்.

எங்கள் வேலை தோல் பதனிடுவது. அறை உயரத்துக்கு மரத்தால் ஆன டிரம்கள், பீப்பாயைப் படுக்க வைத்த மாதிரி. தோலையும் தண்ணீரையும் மருந்தையும் உள்ளே போட்டு, வாயை மூடிச் சுற்றவிடுவோம். தோல் நன்றாகப் புரள்வதற்காக உள்சுவர் நெடுக மர முளைகள் அடித்திருக்கும், ஒவ்வொன்றும் மணிக்கட்டுக் கனம். ஒரு சரக்கு முடிந்ததும் ஒருவர் உள்ளே இறங்கி, ஒட்டிக்கொண்டிருக்கிற துண்டுகளைப் பிடுங்கி, சுரண்டிக் கழுவ வேண்டும். அது மாப்பிள்ளையின், அதாவது என் தங்கை கணவரின், வேலை. சுவிட்ச் என்னுடைய வேலை. தண்ணீர் தெறிக்கக் கூடாது என்று சுவிட்சைச் சுவருக்கு அந்தப் பக்கம் வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து பார்த்தால் டிரம்மின் வாய் தெரியாது.

உள்ளே ஆள் இருக்கும்போது சுவிட்சுக்குப் பூட்டுப் போட வேண்டும் என்பது விதி. பூட்டு என்றைக்கோ உடைந்து போயிற்று. புதுப் பூட்டு வரும் வரும் என்று சொல்லிச் சொல்லியே காலம் ஓடிவிட்டது. அதற்குப் பதிலாக எங்கள் ஆட்களே ஒரு வழி செய்துகொண்டார்கள். டிரம்முக்குள் இறங்குகிறவர் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டுச் சத்தம் வந்துகொண்டிருக்கும்வரை சுவிட்சில் யாரும் கை வைக்க மாட்டோம். பாட்டு நின்றால் "வந்தாச்சா?" என்று ஒரு குரல் கொடுப்போம். பதில் இல்லையென்றால் ஆள் வெளியேறி, கை கால் கழுவப் போய்விட்டார் என்று அர்த்தம்.

பாட வராதவர்களும் பாடித்தான் ஆக வேண்டும். நெட்டை என்று ஒருவர் இருக்கிறார், விசாரணைக்கு வந்தாரே, அவர்தான். ஒரே வரியைத் திருப்பித் திருப்பிப் பாடுவார். அடுத்த வரி அவருக்கு இந்த ஜென்மத்தில் வரப்போவதில்லை. இன்னொருவர் பாட்டுக்குப் பதிலாக மேஸ்திரியை ராகம் போட்டுத் திட்டுவார். ஆள் உயிரோடு இருந்தால் சரி என்று மேஸ்திரியும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

மாப்பிள்ளை இறங்கினால் கதையே வேறு. மரத்தில் மோதித் திரும்பி வரும் அந்தக் குரலைக் கேட்க, ஆட்கள் கையில் ஈரத் தோலோடு அப்படியே நிற்பார்கள். அவருக்குப் பாட்டுக்காரர் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். எனக்கு அவர்கள் வைத்த பெயர் சுவிட்ச்.

வீட்டு விஷயமும் சொல்ல வேண்டும். தங்கை பள்ளிக்கூடம் போகிற வயசிலேயே எங்களுக்கு அப்பா அம்மா இல்லாமல் போய்விட்டார்கள். அவளுக்குத் தலை பின்னக் கற்றுக்கொண்டேன். காய்ச்சல் வந்தால் கட்டிலுக்குப் பக்கத்திலேயே தரையில் படுத்துக்கொள்வேன். எனக்குப் பெண் கொடுக்க வந்தவர்களிடம், முதலில் இவள் ஒரு கரை சேரட்டும் என்று சொல்லி அனுப்பினேன். இதையெல்லாம் சொல்லிக்காட்டுகிற ஆள் இல்லை நான். ஒருமுறைகூடச் சொல்லிக்காட்டியதில்லை. அவளாகவே உணர வேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

பாட்டுக்காரரை அவளுக்குப் பார்த்துக் கட்டிவைத்ததும் நான்தான். நல்ல மனுஷன். வீட்டோடு வந்து இருக்கிறேன் என்று சொன்னார், எனக்கு அது போதுமாக இருந்தது. ஆனால் அவர் வந்த நாளிலிருந்து வீட்டில் சத்தம் ஓயவில்லை. குளிக்கும்போது பாட்டு, செருப்பு மாட்டும்போது பாட்டு, காய் நறுக்கும்போது பாட்டு. தங்கை அடுப்படியிலிருந்து எதிர்ப்பாட்டுப் பாடுவாள். அவளுக்குப் பாட வரும் என்பதே அதுவரை எனக்குத் தெரியாது. வளர்த்தவனுக்குத் தெரியாத ஒன்று நேற்று வந்தவருக்குத் தெரிந்திருந்தது. நான் என் அறைக்குள் போய் இயர்போனைச் செருகிக்கொள்வேன். இதில் தப்பொன்றும் இல்லையே.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார்.

"மச்சான், வேற ஊர்ல வேலை கிடைச்சிருக்கு. இந்தத் தோல் நாத்தமே இல்லாத வேலை. அடுத்த மாசம் போயிடலாம்னு இருக்கோம்."

"அண்ணா, நீயும் வந்துடு" என்றாள் தங்கை. "உன்ன இங்க தனியா விட்டுட்டு நான் எப்படிப் போவேன்?"

"ஆமா மச்சான், உங்களையும் சேத்துத்தான் வீடு பாக்குறேன்."

"நான் எதுக்கும்மா அங்க? நீங்க ரெண்டு பேரும் நல்லா இருங்க, அது போதும் எனக்கு" என்றேன்.

இன்னொரு தடவை கேட்டிருந்தால் சரி என்று சொல்லியிருப்பேன், ஐயா. ஒரு பேச்சுக்காவது வற்புறுத்துவாள் என்று நினைத்தேன். அவள் என் தட்டைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் போடவா?" என்று கேட்டாள். நான் சொன்னதை அப்படியே நம்பிவிட்டாள். சின்ன வயசிலிருந்தே நான் சொன்னால் நம்புகிறவள்.

அந்த வாரத்தில்தான் என் பிளேயரை மாப்பிள்ளைக்குக் கொடுத்தேன். "புது ஊருக்குப் போறீங்க, வழித்துணையா இருக்கும், வெச்சுக்கங்க" என்றேன். நான் ஆசையாக வைத்திருந்த பொருள் என்று அவருக்குத் தெரியும். வேண்டாம் வேண்டாம் என்று மறுத்துப் பார்த்தார். தங்கைக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்கண்ணன் மாதிரி யாருக்கு வரும்" என்று பக்கத்து வீட்டம்மாவிடம் போய்ச் சொன்னாள். எனக்கு நல்ல பெயர் கிடைத்தது.

முதலில் அதில் அவருக்குத் தெரிந்த பாட்டுகளே இருந்தன. விளைவு, அவர் இன்னும் சத்தமாகப் பாட ஆரம்பித்தார். "பாட்டுக்காரரே, ஊருக்கே கேக்குற மாதிரி பாடறீங்க, அப்புறம் காதுல எதுக்கு அந்த மூடி?" என்று நெட்டை கிண்டலடித்தார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு நாள் யோசித்தேன்.

புதுப் பாட்டு ஏற்றித் தருகிறேன் என்று அவரிடமிருந்து வாங்கி, தெருமுனைக் கம்ப்யூட்டர் கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். அதிலிருந்த பாட்டுகள் எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னேன். வார்த்தையே இல்லாத இசையாகப் பார்த்து ஏற்றச் சொன்னேன். புல்லாங்குழல், வயலின், பியானோ. அதிலும் எங்கே போகிறது என்று முன்கூட்டியே தெரிந்துவிடாத மாதிரி, நீளமாக வளைந்து போகிறவையாக. கடையிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றையும் கேட்டுப் பொறுக்கினேன். "என்ன சார், எல்லாம் வாயில்லாப் பாட்டா கேக்குறீங்க, தியானமா?" என்றார் கடைக்காரர். "ஆமாங்க, கொஞ்சம் அமைதி வேணும்" என்றேன். அது உண்மைதான்.

கூடப் பாடுகிறவரின் வாயை மூடுவதற்கு வேறு வழியே கிடையாது, ஐயா. பாட ஒன்றும் இல்லாத பாட்டைக் காதில் போட வேண்டும். மாப்பிள்ளை முதலில் முனகிப் பார்த்தார். முனகலுக்கும் அது பிடிகொடுக்கவில்லை. பிறகு கண்ணை மூடிக்கொண்டு பேசாமல் கேட்க ஆரம்பித்தார். "இப்படியெல்லாம் ஒரு இசை இருக்குன்னே தெரியாம இருந்துட்டேனே மச்சான்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். வீடு அமைதியானது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான், வீட்டில் கொஞ்சம் அமைதி, என்று அப்போது யார் கேட்டிருந்தாலும் சத்தியம் செய்திருப்பேன்.

அப்புறம் அந்தச் சம்பவம் நடந்தது. உங்களிடம் எல்லோரும் சொன்னதுதான். அன்று நான் டீ குடிக்கப் போயிருந்தேன், சுவிட்சில் நெட்டை நின்றார். டிரம்முக்குள் சத்தமே இல்லை. குரல் கொடுத்திருக்கிறார், பதில் இல்லை. சுவிட்சில் கை வைத்துவிட்டார். டிரம்மின் வாயருகே ஒரு ஜோடி செருப்பு கிடப்பதைப் பார்த்து மேஸ்திரி அலறவும், சுவிட்சைப் போடாமலே நெட்டை கையை எடுத்திருக்கிறார். உள்ளே மாப்பிள்ளை தொப்பிக்குக் கீழே இயர்போனோடு, புல்லாங்குழல் கேட்டபடி சுரண்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

"இன்னொரு தடவ அந்தக் கருமத்த உன் காதுல பாத்தேன், வாசலோட அனுப்பிடுவேன்" என்று மேஸ்திரி கத்தினார். நெட்டை தரையில் உட்கார்ந்து அழுதார். மாப்பிள்ளை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்டுல சொல்லிடாதீங்க மச்சான், பயந்துடுவா" என்று கேட்டுக்கொண்டார். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். சாயங்காலம் வரை எனக்குக் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. அந்த நடுக்கம் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. பார், நீ நல்லவன்தான், இல்லாவிட்டால் கை ஏன் நடுங்குகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதன் பிறகு அவர் அதை வேலைக்கு எடுத்து வரவில்லை. வீட்டில் கண்ணாடிக்குப் பக்கத்து அலமாரியில் கிடந்தது. தங்கைக்குக் காரணம் தெரியாது. அவர்கள் ஊருக்குக் கிளம்ப வேண்டிய வாரத்தில் ஒரு நாள் காலை, நானும் மாப்பிள்ளையும் தெருமுனை திரும்பும்போது அவள் பின்னாலேயே ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது.

"தினமும் மறந்துட்டே போறீங்க. அண்ணன் ஆசையாக் குடுத்தது" என்று அவர் கையில் வைத்து அழுத்தினாள்.

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தார் போல. வேலை இடத்தில் இதற்குத் தடை வந்திருக்கிறது என்று ஒரு வார்த்தை, பொய்யாகக்கூட, நான் சொல்லியிருக்கலாம். நான் பேருந்து வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதை வாங்கிக் காலரில் மாட்டிக்கொண்டார்.

அன்று மத்தியானம் நடந்ததைப் பற்றி நான் உங்களிடம் சொன்னது, பாட்டுக் கேட்கவில்லை, குரல் கொடுத்தேன், பதில் இல்லை, சுவிட்சைப் போட்டேன் என்பது. முன்பு நடந்ததை நெட்டையும் மேஸ்திரியும் சொன்னார்கள். காலரில் பிளேயர் இருந்தது, இயர்போன் தொங்கிக்கொண்டிருந்தது. தெருமுனையில் நடந்ததைத் தங்கை அழுதுகொண்டே சொன்னாள். எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது. என் மேல் தப்பில்லை என்று நீங்கள் என் முதுகில் தட்டிக் கொடுத்தீர்கள். உங்கள் கை பட்ட இடம் எனக்கு எரிந்தது.

இப்போது தங்கையைப் பற்றிச் சொல்கிறேன். அவள் ஊருக்குப் போகவில்லை. கட்டி வைத்த பெட்டிகள் கட்டியபடியே கிடக்கின்றன. அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். "நான்தான் ஓடிப் போய்க் குடுத்தேன். பேசாம வீட்டுல இருந்திருந்தா அவரு இருந்திருப்பாரு" என்கிறாள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இதையே சொல்கிறாள்.

நான் சமாதானம் சொல்லாமல் இல்லை. "விடும்மா, உனக்குத் தெரியாம நடந்தது" என்று சொல்வேன். பாருங்கள், அந்த வாக்கியத்தை நான் யோசித்துத்தான் பொறுக்கினேன். அது ஆறுதல் மாதிரி இருக்கும், ஆனால் பழியை அவள் மடியிலேயே விட்டுவிடும். நீ செய்யவில்லை என்று ஒருமுறைகூட நான் அவளிடம் சொல்லவில்லை. "நீ இல்லேன்னா நான் என்னண்ணா ஆவேன்?" என்று ஒரு நாள் என் மடியில் தலையை வைத்துக்கொண்டாள். எத்தனையோ வருஷமாக நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை. வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் பாத்திரம் கழுவுகிற சாக்கில் எழுந்து போய்விடுகிறேன்.

நேற்று உங்கள் அலுவலகத்திலிருந்து தகவல் வந்ததும் அவள் என்னிடம் ஒன்று கேட்டாள்.

"அத வாங்கிட்டு வந்து என்கிட்டக் குடுத்துடுண்ணா. நானும் அதக் காதுல வெச்சுக்கிட்டு அவரு போன வழியே போயிடறேன்."

அழவில்லை. கடைக்குப் போய்வருகிறேன் என்பது போலச் சொன்னாள். பக்கத்து வீட்டம்மாவை அவளோடு உட்கார வைத்துவிட்டுத்தான் இங்கே வந்திருக்கிறேன். அதனால் அந்தப் பொருளை என்னிடம் கொடுக்காதீர்கள், ஐயா. இனி நான் சொல்லப்போவதை அவளிடம் நீங்களே போய்ச் சொல்ல வேண்டும். நான் சொன்னால் அவளைத் தேற்றுவதற்காகச் சொல்கிறேன் என்று நினைப்பாள்.

அன்று ஆட்கள் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். டிரம்முக்குள் இறங்குவதற்கு முன்னால் மாப்பிள்ளை சுவரைச் சுற்றி என்னிடம் வந்தார். காலரிலிருந்து அதைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"அவ மனசு கஷ்டப்படக் கூடாதேன்னு வாங்கிட்டு வந்தேன். நீங்களே வெச்சிருங்க மச்சான். உள்ள இறங்கினா நமக்கு வாய்ப்பாட்டுத்தான் சரி" என்றார். பிறகு, "அவ சரியாவே தூங்கறதில்ல. உங்கள விட்டுட்டு வரமாட்டேங்கிறா. இன்னிக்கு ராத்திரி நாங்க ரெண்டு பேருமா உக்காந்து கேப்போம், முடியாதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்றார்.

அவள் இன்னொரு தடவை கேட்கவே போவதில்லை என்றுதான் நான் அவ்வளவையும் செய்திருந்தேன். கேட்கப்போகிறாள் என்று இப்போது தெரிந்துவிட்டது. அத்தோடு விட்டிருக்க வேண்டும். எது என்னை விடவில்லை என்பதை எத்தனையோ விதமாக யோசித்துப் பார்த்துவிட்டேன். அவள் கேட்பது அவர் சொல்லித்தானே என்று தோன்றியது. காரணம் என்று தேடினால் அவ்வளவுதான் கிடைக்கிறது. ஒரு மனுஷன் உயிருக்கு இது ஒரு காரணமா என்று கேட்டால், இல்லை.

பிளேயரை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவர் இறங்கினார். பாடத் தொடங்கினார். முழுப் பாட்டையும் கேட்டேன். குரல் அன்று மிக நன்றாக இருந்தது. தங்கை அடுப்படியிலிருந்து எதிர்ப்பாட்டுப் பாடுவாளே, அந்தப் பாட்டு. அவர் பாடும்போது என்னால் சுவிட்சைப் போட முடியவில்லை, அதனால் முடியட்டும் என்று காத்திருந்தேன். ஒன்று முடிந்து அடுத்ததைத் தொடங்குவதற்கு முன்னால் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்வார். அந்த இடைவெளியில் "வந்தாச்சா?" என்று கேட்டேன். என் காதுக்கே எட்டாத அளவு மெதுவாகக் கேட்டேன்.

டிரம் வேகமாகச் சுற்றாது, ஐயா. நிறுத்துவதற்கு நேரம் இருந்தது. அவர் என்னைத்தான் கூப்பிட்டார், மச்சான் என்று. அந்தக் குரல் அடங்கிய பிறகு டிரம்மை நிறுத்திவிட்டு, ஆட்கள் ஓடி வருவதற்குள் உள்ளே இறங்கி, என் பையிலிருந்ததை எடுத்து அவர் காலரில் மாட்டினேன். அவ்வளவு புரண்டவரின் கழுத்தில் இருந்த பொருளில் ஒரு கீறல்கூட இல்லையே என்று உங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

அவள் ஓடி வந்து கொடுத்தது அவர் காதில் இல்லை, அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, அவள் அண்ணன்தான் கொன்றான் என்று அவளிடம் சொல்லுங்கள். நான் எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். ஒன்றே ஒன்று மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். விசாரணையில் நான் உங்களிடம் பொய் சொல்லவில்லை. சுவிட்சைப் போட்டபோது உள்ளே யாரும் பாடிக்கொண்டிருக்கவில்லை.